செங்கோட்டை ஆகாதாம்

போன வாரம் என் முதுகுக்குக் கைதட்டல் கிடைத்தது.

குற்றாலத்தில் ஒரு பங்களா. அதன் கூடத்தில் இடம் கொள்ளாமல் டாக்டர்கள். நடுவில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் நான் – சட்டையில்லாமல், சுவரைப் பார்த்தபடி. ஒருவர் விரலால் தடவினார். ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இன்னொருவர் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்தார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து கை தட்டினார்கள். நாற்பதைத் தாண்டிய இந்த வயதில் எனக்காக யாரும் கை தட்டியது அதுதான் முதல் தடவை. அதுவும் முகத்தைப் பார்த்து இல்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். தென்காசியில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். நாலு பேர் சேர்ந்தாற்போல வந்தால் தலையைக் குனிந்துகொண்டு அளந்து ஊற்றுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, பேனாவுக்கு எப்படியோ போதுமாக இருக்கிறது. வாய்க்குத்தான் போதவில்லை. அப்படிப்பட்டவன் அத்தனை பேர் நடுவில் எதற்குப் போய் உட்கார்ந்தேன்?

ஒரு கல்யாணத்துக்காக. என் கல்யாணம்தான். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

எனக்கு மூத்தவள் செண்பகம் அக்கா. அவளும் அத்தானும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எனக்காகப் பேசுகிற வேலையை அக்கா சின்ன வயதிலேயே எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் என் பேரைக் கேட்டாலும் அவள்தான் சொல்வாள். இந்தப் பங்குனியில் ஒரு நாள் தரகர் சுப்பையா அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

“செங்கோட்டையில ஒரு பொண்ணு இருக்கு. பேரு கோமதி. பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடத்துல டீச்சரு. அவ அப்பா சமஸ்தான அஞ்சல்ல இருந்து ஓய்ஞ்சவரு. தம்பிமாரைப் படிக்க வைக்கணும்னு இத்தனை நாளும் கல்யாணம் வேண்டாம்னு இருந்துட்டா. உனக்கு ஏத்த வயசு. நான் சரின்னு சொல்லிட்டேன்லே.”

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அது சம்மதம்தான் என்று எனக்கும் கொஞ்சம் கழித்துத் தெரிந்தது.

செங்கோட்டை எவ்வளவு தூரம்? ரயிலில் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடும். ஆனால் அது திருவிதாங்கூர் சமஸ்தானம். வேறு ராஜ்யம், வேறு காசு, வேறு தபால். பக்கத்து ஊருக்குப் போகிறோமா, பரதேசம் போகிறோமா என்றே தெரியாது. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“டீச்சர் வீட்டுக்குத் துண்டைப் போட்டுக்கிட்டா போவே? சட்டை தைலே. காலர் வச்சு.”

எண்ணெய்க் கடைக்காரனுக்குச் சட்டை எதற்கு? நாலு முழ வேட்டி, ஒரு துண்டு. இரண்டையும் நானே சிற்றாற்றில் அலசிக்கொள்வேன். இப்போது மூன்று சட்டை தைத்தாகிவிட்டது. அவற்றை ஆற்றில் அலசினால் அக்கா விடுவாளா? சலவைக்காரர் மாடசாமியிடம் போயின. கஞ்சி போட்டு, நீலம் போட்டு, பெட்டி தேய்த்து, மடிப்புக் கலையாமல் வந்தன. காலரின் உள்பக்கம் கறுப்பாக ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு கோடு. இது இன்னார் வீட்டுத் துணி என்கிற சலவைக் குறி. உங்கள் சட்டையிலும் இருக்கும், திருப்பிப் பாருங்கள்.

சட்டை போட ஆரம்பித்துக் கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. அப்புறம் பிடரியில் ஒரு நமைச்சல்.

பெண் பார்க்கப் போன அன்று அது உச்சத்தில் இருந்தது. எதிரே கேசரி. பக்கத்தில் பெண்ணின் அப்பா. கதவருகில் கோமதி. நான் ஒரு கையால் கேசரி தின்றேன், ஒரு கையால் கழுத்தைச் சொறிந்தேன். அக்கா தொடையில் கிள்ளினாள். அந்த இடத்தையும் சொறிந்தேன். கோமதியை நிமிர்ந்து பார்த்தது ஒரே ஒரு தடவை. பார்த்த கணத்தில் நமைச்சல் மறந்துபோயிற்று என்று எழுத ஆசைதான்... மறக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

எப்படியோ பேச்சு முடிந்தது. ஆவணியில் முகூர்த்தம். என் கழுத்து மட்டும் ஒத்துழைக்கவில்லை. தடித்தது, சிவந்தது, நீர் கோத்தது. அக்கா கத்திரிக்காயை நிறுத்தினாள். கருவாட்டை நிறுத்தினாள். மந்திரித்த திருநீறு பூசினாள். குறைந்தபாடில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கரண்டியை நிறுத்தினாள்.

“ஏலே, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. இந்தச் செங்கோட்டைப் பேச்சை எடுத்த பொறவுதான உனக்கு இது வந்துச்சு?”

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அக்கா கணக்கில் கெட்டிக்காரி. அவள் போட்ட கணக்கில் அன்றும் தப்பில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பயந்துபோய் எங்கள் டாக்டரிடம் போனோம். தென்காசியில் இருக்கிற இளவயசுக்காரர். மற்ற டாக்டர்கள் நாடியைப் பிடிப்பார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள். இவருக்குத் தோல்தான் பிரியம். தெருவில் எதிரே வருகிறவர் தோலில் படை தெரிந்தால் நின்று விசாரிப்பார். என் கழுத்தைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“இது உள்ள இருந்து வருதது இல்லவே. வெளிய இருந்து ஏதோ ஒண்ணு உம்மைத் தொடுது. அது தோலுக்கு ஆகல.”

அக்கா பட்டென்று என் பக்கம் திரும்பினாள். “எவலே உன்னத் தொட்டா?”

எனக்குக் கழுத்தோடு முகமும் சிவந்துபோயிற்று. ஆளில்லை, ஏதாவது பொருள் என்று அவளுக்கு விளங்க வைப்பதற்குள் டாக்டருக்கே வேர்த்துவிட்டது. அப்புறம் அவர் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். அவருக்கு என் எண்ணெயில் சந்தேகம் இருந்தது. ஆனால் நிச்சயமில்லை. சாரல் விழுந்ததும் தோல் டாக்டர்கள் சிலர் குற்றாலத்தில் கூடுவார்களாம். அங்கே ஒரு பரீட்சை பண்ணிப் பார்க்கலாமாம்.

“உம்ம முதுகை ரெண்டு நாள் இரவல் குடும். போதும்.”

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா சரி என்று சொல்லிவிட்டாள்.

ஒரு அரிப்பைப் பற்றிப் பேச இத்தனை படித்தவர்களா? எனக்கு அதுதான் முதல் ஆச்சரியம். மதுரையிலிருந்து வந்திருந்தார்கள், திருநெல்வேலியிலிருந்து, திருவனந்தபுரத்திலிருந்து, பட்டணத்திலிருந்து. காலரா, பிளேக் என்று பெரிய வியாதி பார்க்கிற டாக்டர்களுக்கு ஊரில் தனி மரியாதை. சொறி சிரங்கு பார்க்கிறவரை யார் மதிக்கிறார்கள்? அவரவர் ஊரில் தனியாகக் கிடந்தவர்கள் இங்கே ஒன்றாகச் சேர்ந்ததும், லீவு விட்ட பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் “என்னிடம் ஒரு கேஸ்” என்று ஆரம்பித்தால் இன்னொருவர் இலையில் சோற்றை மறந்து கேட்டார். பித்தளை வளையலால் வந்த தடிப்பு, குங்குமத்தால் வந்த புண், மாங்காய்ப் பாலால் உதடு வீங்கிய ஒரு மாப்பிள்ளை... எல்லாம் இலை முன்னால்தான்.

அருவிக்கு அவர்களோடு போனீர்களென்றால் இன்னும் வேடிக்கை. குற்றாலத்தில் குளிக்கிறவன் முதுகை மூடிக்கொண்டா குளிப்பான்? வரிசையாக அத்தனை முதுகுகள். டாக்டர்களுக்குத் தண்ணீர் மேல் கவனமே இல்லை. “அதோ அந்த மூணாவது ஆளு, இடது தோள்பட்டை” என்று ஒருவர் முணுமுணுக்க, இன்னொருவர் நனைந்த தலையோடு எட்டிப் பார்க்கிறார். நகைக்கடைத் தெருவில் பத்தர்களை விட்டது மாதிரி.

இவர்களுக்கெல்லாம் பெரியவர் பட்டணத்து டாக்டர். நல்ல உயரம், அதற்கேற்ற குரல். அவர் ரகசியம் பேசினாலும் அருவியைத் தாண்டிக் கேட்கும். அவர்தான் பரீட்சையை நடத்தினார். என் கடை எண்ணெயில் ஒரு சிறு துணியை நனைத்தார்கள். சோப்பில் ஒன்று, கஞ்சியில் ஒன்று, நீலத்தில் ஒன்று. காலர்ப் பொத்தானைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றையும் என் முதுகில் வைத்து, மேலே பிளாஸ்டர் போட்டு ஒட்டினார்கள். தபால் பொட்டலத்தில் ஸ்டாம்பு ஒட்டுவதுபோல. கடைசியில் பட்டணத்து டாக்டர் என் புதுச் சட்டையை எடுத்துக் காலரைத் திருப்பினார்.

“இந்தக் குறியையும் விடுவானேன்?” கத்திரிக்கோல். சரக்.

புதுச் சட்டை ஐயா அது. பதறி எழுந்தேன். அதற்குள் காலரில் ஒரு சதுர ஓட்டை. குறி இருந்த துணி என் முதுகில்.

இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது என்று உத்தரவு. ஸீஸனில், குற்றாலத்தில், குளிக்காமல் இருந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருக்கும். காது நிறைய அருவிச் சத்தம். ஜன்னல் வழியாகச் சாரல். டாக்டர்கள் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பந்தயம் கட்டினார்கள். மதுரை டாக்டர் எண்ணெய்க் கட்சி. எங்கள் டாக்டர் அதுவரை எண்ணெய்க் கட்சியில் இருந்துவிட்டு நீலத்துக்கு மாறினார். திருவனந்தபுரத்துக்காரர்கள் கஞ்சி. குறிக்குப் பட்டணத்து டாக்டர் ஒருவர்தான். தோற்கிற கட்சி எல்லோருக்கும் மங்குஸ்தான் பழம் வாங்கித் தர வேண்டும்.

எனக்கு மட்டும் ஒரு பயம். எண்ணெய்தான் என்று முடிந்துவிட்டால்? கடையை மூடிவிட்டு, எந்த முகத்தோடு டீச்சர் வீட்டுக்குப் போவது?

பிரிக்கிற நாள் வந்தது. ஸ்டூல் போட்டார்கள். ஒவ்வொரு பிளாஸ்டராக உரித்தார்கள். எண்ணெய் – ஒன்றுமில்லை. மதுரை டாக்டர் ‘ஹும்’ என்றார். சோப்பு இல்லை. கஞ்சி இல்லை. நீலம் இல்லை. பொத்தான் இல்லை. கடைசியாகக் குறி இருந்த சதுரத்தை உரித்தார்கள். அந்த இடம் மட்டும் செக்கச்செவேலென்று வீங்கி, சின்னச் சின்னக் கொப்புளங்களோடு இருந்ததாம். எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்தது கைதட்டல்தான்.

என் அரிப்பில் இவர்களுக்கு ஏன் இத்தனை ஆனந்தம் என்று முதலில் கோபம் வந்தது. எங்கள் டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “இனி உமக்கு இது வராதுவே. எதுன்னு தெரிஞ்சு போச்சுல்லா?” என்றார். கோபம் போய்விட்டது. அடுத்தவன் முதுகைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

பட்டணத்து டாக்டர் எனக்கு விளக்கினார். அந்தக் குறி போடுகிற கறுப்பு மை ஒரு காட்டு மரத்துக் கொட்டையின் பால். எத்தனை வெளுத்தாலும் போகாது. முதல் தடவை படும்போது தோல் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு இருக்குமாம். அதற்குள்ளேயே மனசில் குறித்து வைத்துக்கொள்ளுமாம். அடுத்தடுத்த தடவைதான் சண்டைக்கு வருமாம். சிலருக்கு வரும், சிலருக்கு வரவே வராது.

சம்பந்திகளுக்கும் இதே நடைமுறைதான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தன் குரலில் தீர்ப்பு சொன்னார்:

“இவருக்குச் சேங்கொட்டை ஆகாது. இந்த ஜன்மத்துக்கு ஆகாது. கிட்டவே போகக் கூடாது!”

அந்த நேரம் பார்த்து வாசலில், எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு, தூக்குச்சட்டியோடு அக்கா.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அந்தக் கொட்டையை எங்கள் பக்கத்தில் சேராங்கொட்டை என்போம். டாக்டர் படித்தவர். புத்தகத்தில் இருக்கிறபடி சேங்கொட்டை என்றார். அந்தச் சொல்லை அக்கா அதுவரை கேட்டதே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு செங்கோட்டைதான். அதன் பேரில் அவளுக்கு ஏற்கனவே சந்தேகமும் இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் தூக்குச்சட்டி மட்டும் இருந்தது. மழைக்குப் பயந்து பஸ்ஸுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துச் சோற்றைத் தின்றேன். அப்புறம் அருவியில் போய் ஆசை தீர நின்றேன். மங்குஸ்தான் பழமும் தின்றேன். ஊர் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வருத்தப்படாதலே. பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. ஆளனுப்பிட்டேன்.”

“யாருக்கு?”

“செங்கோட்டைக்குத்தான். சுப்பையா அண்ணாச்சி மத்தியான வண்டிக்கே போயாச்சு. தம்பிக்குச் செங்கோட்டை ஆகாதாம், டாக்டர் சொல்லுதாரு, கல்யாணத்தை நிறுத்திருங்கன்னு சொல்லச் சொன்னேன்.”

“அக்கா... அது சேராங்கொட்டை.”

“என்னது?”

“சேராங்கொட்டைதான் ஆகாது. சலவைக் குறி. அதைத்தான் அவரு சேங்கொட்டைன்னாரு.”

அக்காவுக்குக் கோபம் வந்தது. தன் மேல் இல்லை, டாக்டர் மேல்.

“சேராங்கொட்டைன்னா சேராங்கொட்டைன்னு சொல்ல வேண்டியதுதானே? இத்தனை படிச்ச மனுசனுக்கு நாக்குல என்ன கேடு?”

“இப்ப என்ன செய்ய?”

“என்ன செய்யவா? நான் எந்த மூஞ்சியோட அங்கன போவேன்? நீயே போய்ச் சொல்லுலே.”

“நான் என்ன சொல்ல...”

“உன் கல்யாணம்தானலே அது?”

அவள் எனக்காகப் பேச மறுத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை வண்டியில் ஏறினேன். சட்டை போடவில்லை. தடிப்பு இன்னும் ஆறவில்லை. பழையபடி வேட்டி, மேலே துண்டு. சாட்சிக்கு அந்த ஓட்டைச் சட்டையை மட்டும் ஒரு பையில் வைத்திருந்தேன். செங்கோட்டையில் இறங்கியதும் சமஸ்தானத்துச் சுங்கக்காரர் பையைத் திறந்தார். சட்டையை விரித்தார். ஓட்டைக்குள் விரலை விட்டார்.

“இது எந்தா?”

“டாக்டர் வெட்டினது.”

அவர் சட்டையைப் பார்த்தார், என் வெற்று உடம்பைப் பார்த்தார். போட்டுக்கொள்ளாத சட்டையை, அதுவும் ஓட்டைச் சட்டையை, ராஜ்யம் தாண்டிக் கொண்டுபோகிறவனைப் பற்றி என்ன நினைத்தாரோ... போகச் சொல்லிவிட்டார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். “மாமா, உங்கள் ஊரைச் சொல்லவில்லை. சேங்கொட்டை என்கிற ஒரு கொட்டையைச் சொன்னார்கள்.” இவ்வளவுதான். இதை முழுசாகச் சொல்லிவிட்டால் போதும். சொல்லாவிட்டால் ஆவணியும் இல்லை, கோமதியும் இல்லை.

அவள் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். சுப்பையா அண்ணாச்சி சொன்னது முந்தின நாளே தெருவெல்லாம் பரவிவிட்டது என்பது, எட்டிப் பார்த்த தலைகளைக் கண்டதுமே தெரிந்தது.

“வாரும்வே. எங்க ஊரு உமக்கு ஆகாதாமே? தண்ணி ஆகாதா? காத்து ஆகாதா? இல்ல, ஆளுதான் ஆகாதா? மழைக்காலத்துல உம்ம ஊருக்கு மேகம் எந்த வழியா வருதுன்னு நினைக்கீரு? எங்க ஊரைத் தாண்டித்தாம்வே வருது.”

நான் வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்தது எங்கே போயிற்றோ தெரியாது. ஒரே ஒரு எழுத்துதான் வந்தது.

“சே...”

“என்னது?”

“சே... சே...”

“சேயா? எங்க வாசல்ல நின்னுக்கிட்டு, எங்க ஊரைப் பத்திக் கேட்டா, சேங்கீரா?” அவர் குரல் தெருக்கோடி வரை போயிற்று. எதிர்வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்தார்.

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று தெரியாது. ஓடிவிடலாமா என்று கால் திரும்பியது. அப்போது உள்ளேயிருந்து கோமதியின் குரல் கேட்டது.

“அப்பா, அவங்க இன்னும் சொல்லி முடிக்கல.”

அவள் நிலைப்படிக்கு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருந்தாள் போல, கையில் குடை. திக்கித் திக்கிப் படிக்கிற பிள்ளைகளுக்காகக் காத்திருந்து பழகியவள். எனக்காகவும் அப்படியே நின்றாள். அந்த முகத்தில் அவசரமே இல்லை.

“சேங்கொட்டை,” என்றேன். “சட்டையில... குறி போடுவாங்கள்லா... அந்தக் கொட்டை.”

அவள் புருவம் கொஞ்சம் சுருங்கி, பிறகு விரிந்தது. “அப்பா, இவங்களுக்கு ஆகாதது சேங்கொட்டை. நீங்க கேட்டது செங்கோட்டை. முன்னால இருக்க வேண்டிய நெடில் பின்னால போயிருச்சு. அவ்வளவுதான்.”

“நெடிலா?” என்றார் அவர்.

“சே நெடில், கொ குறில்னா அது கொட்டை. செ குறில், கோ நெடில்னா அது நம்ம ஊரு.”

எதிர்வீட்டுக்காரர் இரண்டையும் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அப்பா இன்னும் சிரிக்கவில்லை. நான் பையிலிருந்து சட்டையை எடுத்து நீட்டினேன். அவர் ஓட்டையைப் பார்த்தார். அதுவும் போதாது என்று தோன்றவே, திரும்பி நின்று துண்டை எடுத்துவிட்டேன். தெருவே பார்க்க. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது? அத்தனை டாக்டர்கள் பார்த்த முதுகுதானே, இன்னும் நாலு பேர் பார்த்தால் என்ன?

அவர் கிட்டே வந்தார். தொட்டுப் பார்த்தார். “ஏயப்பா, அதிரசம் மாதிரில்லா வீங்கியிருக்கு,” என்றார். குரல் மாறிவிட்டது. “எரியுதாவே? உள்ள வாரும். மோர் குடியும்.”

மோர் வந்தது. குடித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுந்திருக்கப் போனேன். கோமதி குடையைச் சுவரில் சாய்த்தாள்.

“நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றாள். “அன்னைக்கு வந்தப்ப கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தீங்க. பிடிக்காமத்தான் இருக்கீங்களோன்னு நினைச்சேன். நேத்து ஆளு வந்து சொன்னதும், சரிதான், இதுதான் காரணம்னு நினைச்சேன். உங்க அக்கா சம்மதம்னு சொன்னாங்க. நீங்க இதுவரைக்கும் ஒண்ணுமே சொல்லலையே.”

இதற்கு மனப்பாடம் செய்து வந்திருக்கவில்லை. பக்கத்தில் அக்காவும் இல்லை. இத்தனை நாளும் இவள் அப்படி நினைத்துக்கொண்டு இருந்தாளே என்பது, எந்தக் கொப்புளத்தையும்விட எரிந்தது.

“சட்டைதான் ஆகல,” என்றேன்.

“மத்தது?”

தொண்டையைச் செருமிக்கொண்டேன். குறில் எது, நெடில் எது என்று ஒரு தடவை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டேன். இனி ஒரு தப்பு நடக்கக் கூடாதல்லவா?

“செங்கோட்டை எனக்கு ஆகும்.”

அவள் குடையை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருமுனை வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே போனதைப் பார்த்தேன். அழுகையில்லை, சிரிப்பு. அவள் அப்பா என் முதுகில் ஓங்கித் தட்டினார். புண் இருந்த இடம். வலித்தது. பரவாயில்லை.

இந்த ‘ஆகாது’ என்கிற சொல்லை நாம் எத்தனை விதமாகச் சொல்கிறோம்! அவருக்குப் பால் ஆகாது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆகாது. செவ்வாய்க்கிழமை ஆகாது. ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் ஏன், எது என்று யாரும் தேடுவதில்லை. இந்தத் தோல் டாக்டர்கள் மட்டும்தான் ‘மொத்தமாக ஆகாது என்று சொல்லாதே, துண்டு துண்டாக ஒட்டிப் பார்’ என்கிறார்கள். வீடுகளில் நடக்கிற சண்டைகளையும் ஒரு முதுகில் இப்படி ஒட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். மாமியார் முழுசாகவா ஆகாமல் போவார்? அவரில் ஏதோ ஒரு சின்னச் சதுரம்தான் ஆகாமல் இருக்கும்.

செங்கோட்டையில் நடந்ததை எங்கள் டாக்டரிடம் சொன்னேன். அவர் குற்றாலத்துக்கு ஓடினார். பட்டணத்து டாக்டர் சிரித்த சிரிப்பில் பங்களாவின் ஓடுகள் நகர்ந்ததாகச் சொல்கிறார்கள். இனிமேல் எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊரில் ஒரு பொருளுக்கு என்ன பேர் என்று முதலில் கேட்டுக்கொள்வதாக அவர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். மதுரை டாக்டர், பட்டணத்து டாக்டரும் மங்குஸ்தான் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, வாங்கவும் வைத்துவிட்டாராம்.

மாடசாமியிடம் சொல்லத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“எனக்கு ஒண்ணுமே செய்யலையே, அண்ணாச்சி. தெனமும் அதுலதானே கிடக்கேன்.”

“சிலருக்குத்தான் ஆகாதாம்.”

“அப்ப உங்க துணிக்கு நூல்ல குறி போட்டுக் குடுங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

நூலில் யார் குறி போடுவது? அக்காவுக்கு ஊசி கோக்கக் கண் தெரியாது, எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. அப்போதுதான் நினைவு வந்தது: சட்டையை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நேற்றுச் சுப்பையா அண்ணாச்சி அதைக் கொண்டுவந்து கொடுத்தார். துவைத்து மடித்திருந்தது. காலரில் ஓட்டை இருந்த இடத்தில் அதே நிறத் துணி வைத்துத் தைத்திருந்தது. அதன் மேல் சிவப்பு நூலில், சின்னதாக, ஒரே ஒரு எழுத்து. கோ.

ஊரின் பேரிலுள்ள கோவா, ஆளின் பேரிலுள்ள கோவா என்று அக்கா கேட்டாள். நீங்களும் கேட்டு எழுதுவீர்கள். எனக்குத் தெரியாது. காலையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன், அரிக்கவில்லை.